கடைசி பெஞ்சில் தட்டிய பென்சில்

போன வாரம் சுடலைமணி போன் பண்ணினான். தென்காசியில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இப்போது அவன்தான் ஆங்கிலத்துக்கு மூத்த ஆசிரியர். அங்கேயே படித்து, அங்கேயே வாத்தியாராக வந்தவன். பள்ளியின் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டான்.

"சார்வாள், ப்ரிப்பொசிஷன்ல நம்ம ஆளுக வழக்கமாப் பண்ணுத தப்பு இருக்குல்லா, அதையெல்லாம் போட்டு ஒண்ணு எழுதித் தாங்க. புதுசா வந்திருக்க டீச்சர்மாருக்கு உதவும். ஒங்களை விட்டா யாரு இருக்கா?"

"அதான் போனே எல்லாத்தையும் திருத்திக் குடுத்துருதே. நான் வேற எதுக்கு?"

"போனு திருத்தும் சார்வாள். பயம் வராதுல்லா?" என்று சிரித்தான். பிறகு, எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து ஒன்று சொன்னான். "நானும் ஒங்களை மாதிரியே பென்சில் வச்சிருக்கேன். புது டீச்சர் கிளாஸ்ல கடைசி பெஞ்சில போய் உக்காந்துக்கிடுவேன். ஒரு தப்பு, ஒரு தட்டு. அந்தப் பொண்ணு இப்ப நல்லாத் திருந்தியாச்சு. அனாவசியமாப் பேசுததே இல்ல."

போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவன் கேட்ட கட்டுரை எனக்குக் கஷ்டமானது இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். நம்மவர்கள் 'டிஸ்கஸ் அபவுட்' என்பார்கள். 'பற்றி' என்பது டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது, அபவுட் வேண்டியதில்லை. 'மேரிட் வித்' என்பார்கள். 'மேரிட் டு' என்று வர வேண்டும். 'ஆங்க்ரி ஆன் மீ' என்பார்கள். 'ஆங்க்ரி வித் மீ' என்பதே சரி. 'ரீச்டு டு தென்காசி' என்பதிலும் 'கோயிங் டு ஹோம்' என்பதிலும் நடுவில் இருக்கிற 'டு' தேவையில்லாதது. 'குட் இன் இங்கிலீஷ்' இல்லை, 'குட் அட் இங்கிலீஷ்'. 'சின்ஸ் டூ அவர்ஸ்' இல்லை, 'ஃபார் டூ அவர்ஸ்'. இப்படி இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தால் அவனுக்குப் போதும்.

இந்தப் பிழைகள் ஏன் வருகின்றன என்பதும் எனக்குத் தெரியும். தமிழில் இந்தச் சின்னச் சொற்களைப் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறோம். 'என் மேல கோவம்' என்று பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய வாய்க்கு 'ஆன் மீ' என்றுதான் வரும். 'அவகூட கல்யாணம்' என்கிற வாய்க்கு 'வித்' என்றுதான் வரும். தென்காசிக்குப் போய்ச் சேர்ந்தவனுக்கு அந்தக் 'கு'வை எங்கே இறக்கி வைப்பது என்று தெரிவதில்லை. அதற்கு ஒரு 'டு' போட்டுவிடுகிறான். பிழை செய்கிறவன் மடையன் இல்லை. தமிழை ஒழுங்காகப் பேசுகிற வாய்தான் அந்தப் பிழையைச் செய்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே இது எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும், ஓய்வு பெறுகிற வரைக்கும் தட்டிக்கொண்டிருந்தேன்.

நான் பாளையங்கோட்டையில் எம்.ஏ. முடித்து, பி.எட். முடித்து, வேறு எங்கும் வேலை தேடாமல் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவன். வீடு இலஞ்சி. தினமும் சைக்கிளில் போய் வந்தேன். அப்போது தலைமை ஆசிரியராக இருந்தவர் வேதமுத்து சார்வாள். ஒல்லியான மனிதர். கதர் சட்டை, கையில் எப்போதும் குடை. வகுப்பு நடக்கும்போது வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்காமல் நடப்பார். ஜன்னலுக்குப் பக்கத்தில், உள்ளே இருப்பவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து நிற்பார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அடுத்த வகுப்புக்கு நகர்ந்துவிடுவார். அவர் வந்தார் என்பதே பல நாள் எனக்குத் தெரியாது.

சாயங்காலம் சைக்கிள் நிறுத்துமிடத்தில் என்னைப் பிடிப்பார். "வே, கொஞ்சம் நில்லும்" என்பார். முகத்தைப் பார்க்க மாட்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே, குற்றால மலைப் பக்கம் பார்த்தபடி, பரீட்சை பற்றியோ விளையாட்டு விழா பற்றியோ ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்வார். "வீ ஷல் டிஸ்கஸ் தி டைம்டேபிள் டுமாரோ" என்பார். அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு போய்விடுவார். நாளைக்குப் பேச வேண்டியதை இன்றைக்கு எதற்கு நிறுத்தி வைத்துச் சொல்கிறார் என்று யோசித்துக்கொண்டே சைக்கிளை மிதிப்பேன். பாதி வழியில், வாய்க்கால் பாலத்தின் மேல் போகும்போது, காலையில் வகுப்பில் 'டிஸ்கஸ் அபவுட் தி போயம்' என்று நான் முழங்கியது நினைவுக்கு வரும். காது சுடும். ஆனால் அந்தப் பாலத்தில் என்னையும் சைக்கிளையும் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அந்தத் தப்பு மறுபடி என் வாயில் வந்ததே இல்லை.

ஒரு தடவை கேட்டேவிட்டேன். "சார், தப்புன்னு நேராச் சொல்லிரலாமே?"

"நேராச் சொன்னா நீரு திருத்திக்கிடுவீரு. ஆனா நாளைக்குக் கிளாஸ்ல பேசும்போது என் மூஞ்சி ஞாபகம் வரும். பிள்ளைக மூஞ்சியப் பாத்துல்லா வே பேசணும்."

இத்தனை பண்போடு என்னைத் திருத்தியவரிடம் வேலை கற்றேன். அவர் கேட்ட நுணுக்கத்தோடு கேட்கக் கற்றுக்கொண்டேன். அவர் மலைப் பக்கம் திரும்பிக்கொண்டதைக் கற்கவில்லை.

பென்சில் தட்டுவது ஒரு மழைக் காலத்தில் வந்த பழக்கம். எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிக் கட்டடம் தகரக் கூரை. ஆனி, ஆடியில் சாரல் பிடித்துவிட்டால் மேலே சடசடவென்று விழுந்துகொண்டே இருக்கும். தொண்டை கிழியக் கத்தினாலும் பின் பெஞ்சுக்குக் கேட்காது. பையன்கள் எழுந்து வாசிக்கும்போது, நடுவில் பிழை வந்தால் நிறுத்துவதற்காக மேஜையில் பென்சிலால் ஒரு தட்டு தட்டுவேன். அந்தச் சத்தம் மழையைத் தாண்டிக் கேட்டது. பையன் நிறுத்துவான், யோசிப்பான், திருத்துவான். சாரல் முடிந்தது. வெயில் காலம் வந்தது. தகரம் சும்மா கிடந்தது. நான் நிறுத்தவில்லை. நான் தட்டினால் ஒரு வகுப்பே மூச்சை அடக்குவது எனக்குப் பிடித்திருந்தது. இதை இவ்வளவு வெளிப்படையாக இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

நோட்டுத் திருத்துவதிலும் நான் பெயர் வாங்கினவன். சிவப்பு மையால் அந்தச் சின்னச் சொல்லை மட்டும் வட்டமிடுவேன். சரியானதை எழுத மாட்டேன். அவர்களே கண்டுபிடித்து, அந்த வாக்கியத்தைப் பத்துத் தடவை எழுதி வர வேண்டும். அப்படிப் பழகியதில், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் என் கண்ணுக்கு இன், ஆன், அட், டு இவை மட்டும்தான் தெரியும். வாக்கியம் என்ன சொல்கிறது என்பது தெரியாது. ஆய்க்குடியிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை 'என் குடும்பம்' என்ற கட்டுரையில், அப்பா புற்றுநோயில் இறந்துபோனதை 'டைட் பை கேன்சர்' என்று எழுதியிருந்தாள். 'பை' என்பதை வட்டமிட்டேன். 'ஆஃப்' என்று கண்டுபிடித்து, மை ஃபாதர் டைட் ஆஃப் கேன்சர், மை ஃபாதர் டைட் ஆஃப் கேன்சர் என்று பத்துத் தடவை, முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள். சரி போட்டுக் கையெழுத்திட்டேன். அவள் முகத்தை நான் பார்த்தேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பார்த்ததாக நினைவில்லை.

ரஹ்மத் டீச்சர் வந்தபோது நான் உதவித் தலைமை ஆசிரியர் ஆகியிருந்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வருடம் சோதனைக் காலம். அது முடிந்ததும் வேலையில் நிலைப்படுத்தலாமா கூடாதா என்று நிர்வாகம் என்னைத்தான் கேட்கும். ரஹ்மத் தென்காசிப் பெண். தறிக்காரர் வீடு. பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியவர். கணவர் காதர் வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பியவர். ஒன்பதாம் வகுப்பு ரஹ்மத்துக்கு ஒதுக்கப்பட்டது.

அந்த வகுப்பிலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. முதல் நாள் ஆசிரியர் இல்லை என்று நினைத்து வேகமாகப் போனேன். ஆசிரியர் இருந்தார். மேஜையில் ஏறி உட்காராத குறையாக முன்னால் சாய்ந்து நின்றுகொண்டு, "அப்பறம்? தென் வாட்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் எழுந்து நின்று, பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குகிற தன் அப்பா, முட்டைக்கோஸ் லாரியிலேயே தூங்கிப்போய் மறுநாள் கேரளாவில் விழித்த கதையைச் சொன்னான். எல்லாம் ஆங்கிலத்தில். 'ஸ்லீப்பிங் அட் தி கேபேஜ்', 'ரீச்டு டு கேரளா', 'மை மதர் வெரி ஆங்க்ரி ஆன் லாரி'. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரஹ்மத்தும் சிரித்தார். "வெரி குட்! மீ ஆல்சோ ஒன் டைம் ஸ்லெப்ட் இன் பஸ் அண்ட் வென்ட் டு செங்கோட்டை" என்றார். உடனே நாலைந்து கைகள் உயர்ந்தன. ஆளாளுக்கு ஒரு கதை.

என் வகுப்பில் அப்படி ஒரு கைகூட உயர்ந்தது கிடையாது. என் பிள்ளைகள் நல்ல மதிப்பெண் வாங்குவார்கள். பேச மாட்டார்கள். அந்த வராந்தாவில் நின்றபோது எனக்கு வந்தது கோபம் என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பொறாமை என்று இப்போது சொல்ல முடிகிறது.

மறுநாள் பென்சிலோடு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ரஹ்மத் பேசத் தொடங்கினார். ஒரு தட்டு. நிறுத்தி, திகைத்து, திருத்திக்கொண்டார். மறுபடி பேசினார். மறுபடி ஒரு தட்டு. மூன்றாவது தட்டில் அவருக்கு எது தப்பு என்றே பிடிபடவில்லை. சரியாகச் சொன்னதையும் மாற்றித் தப்பாக்கினார். பிள்ளைகள் அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த வாரம் முழுவதும் போனேன்.

அடுத்த வாரம் வேறு வேலையால் போக முடியவில்லை. ஒரு நாள் அந்தப் பக்கமாக நடந்துபோனபோது, உள்ளேயிருந்து என் பென்சில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ரஹ்மத் ஏதோ சொல்லிவிட்டு நிற்க, முன் பெஞ்சில் ஒருவன் பென்சிலால் தட்டினான். அடுத்து இன்னொருவன். பிறகு வகுப்பு முழுக்க, எல்லாப் பெஞ்சிலும், டொக் டொக் டொக். தப்பு எதுவும் அந்த வாக்கியத்தில் இல்லை. ரஹ்மத் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் உள்ளே போகவில்லை. பிள்ளைகளுக்குக் காது திறந்துவிட்டது என்று பெருமையாக நினைத்துக்கொண்டு என் அறைக்கு நடந்தேன்.

அன்றைக்கு மதியம் ரஹ்மத் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார்வாள், ஒரே ஒரு உதவி. பிள்ளைக தட்டுதாங்க. அத மட்டும் நிறுத்தச் சொல்லுங்க. நான் சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"நீங்க தப்பாப் பேசினா அவங்களும் தப்பாத்தானே டீச்சர் படிப்பாங்க?"

"என் இங்கிலீஷ் ஓட்டைன்னு எனக்குத் தெரியும் சார்வாள். என்னையத் தனியாக் கூப்பிட்டு நூறு தடவ திருத்துங்க. சாயங்காலம் இருந்து படிச்சுக்கிடுதேன். பிள்ளைக முன்னால வேண்டாம். இப்ப அவங்களும் பேசப் பயப்படுதாங்க. ஒருத்தன் எந்திரிச்சா அவனுக்கும் தட்டு விழுது. நல்லாப் பேசிட்டிருந்த பிள்ளைக."

நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். ரஹ்மத் கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார்.

"எங்க வீட்டுக்காரவுக அங்க வேல பாக்கும்போது நல்ல காய்ச்சல். அந்த மேஸ்திரிக்கு இங்கிலீஷ்தான் தெரியும். காய்ச்சல்னு சொல்ல இவுகளுக்குத் தெரியாம இல்ல சார்வாள், தெரியும். தப்பா வந்திருமோ, எல்லாரும் சிரிச்சிருவாங்களோன்னு வாயத் தொறக்கல. காய்ச்சலோடயே சாரத்துல ஏறுனாக. தலை சுத்தி விழுந்து இடுப்பு போச்சு. ஐ ஆம் சஃபரிங் வித் ஃபீவர்னு சொல்லியிருந்தாப் போதும், எறக்கி விட்டுருப்பான்..."

"ஃப்ரம்" என்றேன்.

ரஹ்மத் நிறுத்தினார்.

"சஃபரிங் ஃப்ரம்" என்றேன்.

வேண்டுமென்று சொன்னது இல்லை; பழக்கம் சொன்னது. பழக்கம்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகாவது நான் நிதானித்திருக்கலாம். தன் கணவர் சாரத்திலிருந்து விழுந்த கதையை என் முன்னால் நின்று சொல்லிவிட்டு, வெறும் ஒரு வார்த்தையைத்தான் கேட்டார். ஒன்பதாம் வகுப்புக்குள் போய், 'இனிமேல் யாரும் தட்டக் கூடாது' என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் சொன்னது வேறு.

"தப்பில்லாம பேசுங்க டீச்சர். தட்ட மாட்டாங்க."

"சரி சார்வாள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் அந்த வகுப்பில் சத்தம் இல்லை. ரஹ்மத் பாடப் புத்தகத்தை வாசித்தார்; கோனார் உரையைப் போல ஒரு கைடு வைத்துக்கொண்டு அதிலிருந்து விடைகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்; பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அச்சடித்ததைத் தவிர ஒரு ஆங்கிலச் சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தபோது தட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வருடக் கடைசியில் நிர்வாகம் கேட்டபோது, நல்ல முன்னேற்றம், நிலைப்படுத்தலாம் என்றேன். மனசாரச் சொன்னேன்.

அந்தச் செய்தியை நானே ரஹ்மத்திடம் போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நான் போறேன் சார்வாள்" என்றார்.

"எங்க போறீங்க? வேலைதான் நிலைச்சிருச்சே?"

"வாயத் தொறக்கச் சொல்லிக் குடுக்கத்தான் வந்தேன். இப்ப எனக்கே வாய் தொறக்க வரல. நான் இங்கன இருந்து என்ன செய்ய?"

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவர் வரவில்லை. வேறொருவர் வந்தார். நான் பென்சிலோடு அந்த வகுப்புக்கும் போனேன்.

இத்தனை வருடமும் இது எனக்கு மறந்திருந்தது என்று சொன்னால் பொய். ஆனால் ஒரு மூலையில் கிடந்தது. சுடலைமணியின் போன்தான் அதை நடுவீட்டில் கொண்டுவந்து போட்டது. மறுநாள் விசாரித்தேன். குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் காதரும் ரஹ்மத்தும் கடை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. பஸ் ஏறினேன்.

சீசன் உச்சத்தில் இருந்தது. சாரல் விடாமல் தூவிக்கொண்டிருந்தது. மெயின் அருவியில் வெள்ளம் அதிகம் என்று குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். துண்டும் எண்ணெய்யுமாக வந்த கூட்டம் ரோடு முழுக்க அலைந்துகொண்டிருந்தது. கடையைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. தூரத்திலேயே காதரின் குரல் கேட்டது. எண்ணெய்ப் பாட்டில்களுக்கும் மங்குஸ்தான் கூடைகளுக்கும் நடுவே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, வடக்கேயிருந்து வந்த ஒரு வயதான தம்பதிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"மெயின் ஃபால்ஸ் நோ, சார்! வாட்டர் ஃபுல் ஆன் தி ஃபால்ஸ். போலீஸ் ஆங்க்ரி ஆன் யூ! யூ கோ டு தேர், ஃபைவ் ஃபால்ஸ், இன் ஆட்டோ. ரீச் டு கேட், ஆஸ்க் டு போலீஸ், ஹீ சே ஓக்கே, தென் பாத். மேடம் ஆல்சோ பாத். செபரேட், செபரேட்!"

அந்த அம்மாள் சிரித்தார். "அண்ட் மங்கீஸ்?" என்று கேட்டார்.

"மங்கி வெரி குட் இன் திருடிங், மேடம்! பேக் கீப் இன் சைடு யுவர் ஸ்டொமக்!" என்று காதர் வயிற்றைக் கட்டிப் பிடித்துக் காட்டினார். மூன்று பேரும் சிரித்தார்கள்.

என் வலது கை சட்டைப் பைக்குள் இருந்தது. விரல் எதையோ தேடியது. அதை நான் அடக்கிக்கொண்டேன்.

உள்ளே பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த ரஹ்மத் என்னைப் பார்த்துவிட்டார். "யா அல்லாஹ், சார்வாளா! வாங்க, வாங்க. நனைஞ்சுக்கிட்டு நிக்கியளே. உள்ள வாங்க."

"யாரு?" என்று காதர் திரும்பினார்.

"எங்க ஸ்கூல் பெரிய சார்வாள். சொல்லியிருக்கேம்லா."

காதர் என்னைப் பார்த்தார். கெட்டுப்போன இடுப்போடு, கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, மரியாதைக்காக எழுந்து நின்றார். அந்த வடக்கத்திப் பெரியவர், "ஹவ் ஃபார் இஸ் இட்?" என்று அவரைக் கேட்டார். காதரின் உதடு அசைந்தது. என்னைப் பார்த்தார். சத்தம் வரவில்லை. ரோட்டின் மேட்டுப் பக்கமாகக் கையை நீட்டிக் காட்டினார். பெரியவர் புரியாமல் மறுபடி கேட்டார். காதர் மறுபடி கையைக் காட்டினார்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன். எவ்வளவு தூரம், எங்கே திரும்புவது, ஆட்டோ எங்கே நிற்கும் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பிழை இல்லை. "யுவர் இங்கிலீஷ் இஸ் எக்ஸலண்ட்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அவர்கள் போனார்கள். காதர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரஹ்மத் பக்கத்துக் கடையில் சுக்குக் காப்பி சொல்லப் போனார். வேண்டாம் என்றேன். ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"அவர் நல்லாப் பேசுதாரே" என்றேன்.

"நாந்தான் வீட்டுல சொல்லிக் குடுத்தேன். தமிழ்லயே சொல்லிச் சொல்லி. நீங்க தப்பாவே பேசுங்க, பரவால்லன்னுட்டேன். இப்பம் நிறுத்த முடியல" என்று சிரித்தார்.

"நீங்க?"

"எனக்கு வரல சார்வாள். கேட்டாப் புரியும். வாய் வரைக்கும் வரும். நான் பொட்டலம் கட்டுதேன், அவுக பேசுதாக."

பஸ்ஸில் வரும்போது சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் நினைவில் இல்லை. "அன்னைக்கு நீங்க கேட்டப்ப நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருக்கும் டீச்சர்" என்றேன்.

அதெல்லாம் எப்பவோ போச்சு என்று சொல்லுவார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன். இல்லாவிட்டால் அவர் சொன்னது அப்படித் தைத்திருக்காது.

"ஆமா சார்வாள். நின்னிருக்கும்" என்றார்.

கோபமில்லை. மழை வருகிறது என்பதுபோலச் சொன்னார். நான் சுடலைமணியைப் பற்றிச் சொன்னேன். அவன் இப்போது அங்கே ஆங்கில ஆசிரியர், அவனும் பென்சில் வைத்திருக்கிறான், ஒரு புது டீச்சர் பேசுவதை நிறுத்திவிட்டாள் என்று சொன்னேன்.

ரஹ்மத்தின் கை நின்றது. "எந்தச் சுடலை? பாவூர்சத்திரமா? மூணாவது பெஞ்சு?"

"தெரியல. இருக்கலாம்."

"அவங்க அப்பா முட்டைக்கோஸ் லாரியில தூங்குன கதை சொன்னாம்லா. என் கிளாஸ்ல முத முதல்ல எந்திரிச்சு இங்கிலீஷ் பேசுன பிள்ள அவன். ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசுவான்." பொட்டலத்தை மடித்தார், நூலைச் சுற்றினார், முடிச்சுப் போட்டார். "அவனா தட்டுதான்?"

என்னால் அங்கே மேற்கொண்டு உட்கார முடியவில்லை. எழுந்தேன். மழை கூடியிருந்தது. குடை கொண்டுவந்தீர்களா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் கடைக் குடை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். காதர் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார். நான் யார் என்று தெரிந்த பிறகு அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, தமிழில்கூட.

சுடலை, உன் மலருக்கு இதுதான் கட்டுரை. பிழைகளை மேலே எழுதியிருக்கிறேன், வேண்டுமானால் அதை மட்டும் வெட்டிப் போட்டுக்கொள். ஆனால் முழுவதையும் நீ படித்துவிடு. படித்துவிட்டு, பென்சில் இல்லாமல் அந்தப் புது டீச்சரின் வகுப்புக்குப் போய், இனிமேல் தட்ட மாட்டேன் என்று சொல். உன்னிடம் யாரும் வந்து கேட்க வேண்டாம், நீயாகவே போ. நான் எழுதிக் கேட்பது பலிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. என்னிடம் ரஹ்மத் நேரில் வந்து கேட்டபோதே பலிக்கவில்லை.

ரோட்டின் வளைவு வரைக்கும் நடந்து திரும்பினேன். கடை மறைந்தது. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து, மழைச் சத்தத்தைத் தாண்டி, காதரின் குரல் கேட்டது. "மெயின் ஃபால்ஸ் நோ, சார்! வாட்டர் ஃபுல் ஆன் தி ஃபால்ஸ்!" வேறு யாரோ வந்திருந்தார்கள். யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயந்து, ரஹ்மத் கொடுத்த குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.